கெல்டிக் வீரர்கள்: கொன்னவன் எழுதின கதை

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல லேன்ல கனெக்ட் பண்ணி 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடினவங்களுக்கு இந்தப் பதிவோட ஆரம்பம் சட்டுனு புரியும். ஆடாதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிட்டா போதும், அதுக்கப்புறம் சரித்திரம்தான்.

எங்க விங்ல ஆளுக்கொரு நாடு. ஒருத்தன் எப்பவும் பிரிட்டன்ஸ், இன்னொருத்தன் மங்கோல்ஸ். நான் கெல்ட்ஸ். காரணம் ரொம்ப சிம்பிள். கெல்ட் காலாட்படை மத்தவனோடதைவிட 15 சதவீதம் வேகமா ஓடும். அவங்களுக்குன்னே 'வோட் ரெய்டர்'னு ஒரு வீரன் உண்டு. வோட்-ங்கிறது நீலச் சாயம் கொடுக்கிற செடி. சாயம் பூசின அந்த வீரர்கள் இருபது பேரை அனுப்பினா, எதிரி சுதாரிக்கிறதுக்குள்ள ஊரைக் காலி பண்ணிட்டு வந்துடுவாங்க. 1999ல வந்த அந்த கேம்ல, ஆடக் கத்துக்கொடுக்கிற பகுதியே ஸ்காட்லாந்து வில்லியம் வாலஸ் கதைதான். ஆக எனக்குத் தெரிஞ்ச கெல்டிக் சரித்திரம் அவ்வளவுதான்: நீலச் சாயம், வேகமான கால், வாலஸ்.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழிச்சு, ஒரு ரிலீஸ் முடிஞ்ச சனிக்கிழமை, "யாருய்யா இந்த கெல்ட்ஸ்?"னு படிக்க உட்கார்ந்தேன். ஒரு நாள்ல முடியும்னு நினைச்சது வாரக்கணக்கா இழுத்துடுச்சு. கடைசியில எனக்குத் தட்டுப்பட்ட விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். கெல்டிக் வீரனைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதியை எழுதினது அவனைக் கொன்னவங்க. மிச்சத்தை எழுதினது அவன் சாமியை நம்பாதவங்க. அதுக்கும் பின்னாடி வந்தவங்க, ஆளாளுக்கு தங்களுக்கு வேணும்கிற மூஞ்சியை அவன் மேல ஒட்டிக்கிட்டாங்க.

சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல பேர். கிரேக்கர்கள் 'கெல்டோய்'னு சொன்னாங்க. ரோமானியர்கள் 'கல்லி'ன்னாங்க, அதுதான் இப்போ 'கௌல்'. இன்றைய பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, வட இத்தாலி, டான்யூப் நதிக்கரைன்னு பரந்து கிடந்த நூத்துக்கணக்கான இனக்குழுக்கள். ஒரே நாடு கிடையாது, ஒரே ராஜா கிடையாது. ஒண்ணுக்கொண்ணு உறவுள்ள மொழிகள், ஒரே மாதிரி கலை வேலைப்பாடு, இதுதான் பொது. இதுல ஒரு வேடிக்கை: பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் இருந்தவங்களை அந்தக் காலத்து கிரேக்கரோ ரோமானியரோ 'கெல்ட்'னு கூப்பிடவே இல்ல. வெல்ஷ், ஐரிஷ், பிரெத்தோன் மொழிகளுக்கும் பழைய கௌல் மொழிக்கும் உறவு இருக்குன்னு எட்வர்ட் லுய்ட் 1707ல புத்தகம் போட்ட பிறகுதான் இவங்க எல்லாருக்கும் சேர்த்து 'கெல்டிக்'ங்கிற பேர் நிலைச்சது.

ஏன் இவங்களே எழுதி வைக்கல? எழுத்து தெரியாம இல்ல. ஜூலியஸ் சீசரே சொல்றார்: கணக்கு வழக்குக்கெல்லாம் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்துவாங்களாம். ஆனா பூசாரிகளான ட்ரூயிட்கள் தங்களோட கல்வியை மட்டும் எழுத விடமாட்டாங்க. எல்லாம் மனப்பாடம். சிலர் இருபது வருஷம் வரை உட்கார்ந்து படிப்பாங்களாம். கி.மு. 58ல ஹெல்வெஷியர்களைத் தோற்கடிச்சப்போ அவங்க முகாம்லயே ஆள் கணக்கு எழுதின பலகைகள் கிடைச்சதாவும், மொத்தம் 3,68,000 பேர்னும், திரும்பி ஊர் போனது 1,10,000 பேர்னும் சீசர் எழுதறார். எண்ணிக்கை மிகைன்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைக்கிறாங்க, அது வேற விஷயம். எனக்கு உறைச்சது வேற. வரவு செலவை எழுதினவன் வரலாற்றை எழுதல. மனப்பாடம் பண்ணினவன் செத்தான், அவனோட சேர்த்து எல்லாம் போச்சு. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி.

அந்த வெற்றிடத்தை எதிரி நிரப்பினான்.

ரோமானியர்களுக்கு கௌல்னாலே ஒரு நடுக்கம். காரணம், சுமார் கி.மு. 390. பிரென்னஸ் தலைமையில வந்த கௌல் படை அல்லியா ஆத்தங்கரையில ரோம் படையை நொறுக்கிட்டு, ரோம் நகரத்துக்குள்ளயே பூந்து சூறையாடுச்சு. ஊரை விட்டுப் போக 1000 பவுண்டு தங்கம் பேரம். எடைக்கல்லுல மோசடின்னு ரோமானியர்கள் முனக, பிரென்னஸ் தன்னோட வாளையும் தூக்கி எடைக்கல் தட்டுல போட்டு, தோத்தவனுக்கு என்னய்யா நியாயம்ங்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னானாம். பிரமாதமான காட்சி. ஆனா இதை எழுதின லிவி, சம்பவம் நடந்து 350 வருஷத்துக்கும் மேல கழிச்சு வந்தவர். பிரென்னஸ் பேசினதை யார் குறிப்பெடுத்தாங்க? ஆனாலும் அல்லியா தோல்வி நடந்த ஜூலை 18ஐ ரோமானியர்கள் பல நூற்றாண்டு கரிநாளா வெச்சிருந்தாங்க. அந்த பயம் நிஜம்.

அடுத்தது கி.மு. 225, டெலமோன் போர். இதை எழுதினவர் பொலிபியஸ்ங்கிற கிரேக்கர். நம்ம மனசுல இருக்கிற 'கெல்டிக் வீரன்' பிம்பம் முக்காலும் இங்கேருந்துதான் வருது. கௌல் படையில மத்தவங்க கால்சட்டை, மேலங்கியோட நிக்க, கெசாட்டிங்கிற கூலிப்படை மட்டும் அத்தனையும் கழட்டிட்டு அம்மணமா முன் வரிசையில நின்னுச்சாம். கழுத்துலயும் கையிலயும் தங்க வளையம். கொம்பு, எக்காளச் சத்தமும் போர்க்கூச்சலும் சேர்ந்து மலையே கத்துற மாதிரி இருந்ததாம். ரோமானியர்களுக்கு ஒரு பக்கம் கிலி, இன்னொரு பக்கம் அந்தத் தங்கத்தைப் பார்த்து ஆசை. மனுஷ சுபாவம் :-) ஆனா அம்மண உடம்பும் சின்னக் கேடயமும் எறியீட்டிக்கு முன்னாடி என்ன ஆகும்? சுமார் 40,000 பேர் செத்தாங்க, 10,000 பேர் பிடிபட்டாங்கன்னு பொலிபியஸ் கணக்கு.

சத்தம் விஷயத்துல பொலிபியஸ் பொய் சொல்லல. 2004ல பிரான்ஸ்ல தான்தின்யாக்ங்கிற இடத்துல ஒரு பள்ளத்துல ஏழு கார்னிக்ஸ் கிடைச்சுது. கார்னிக்ஸ்னா நெட்டுக்குத்தா தூக்கிப் பிடிச்சு ஊதுற வெண்கலக் கொம்பு. வாய் பெரும்பாலும் காட்டுப்பன்றித் தலை மாதிரி இருக்கும். நகல் செஞ்சு ஊதின பதிவுகள் இணையத்துல கிடைக்குது, ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்க. ராத்திரி வேண்டாம்.

ஆனா வாள் விஷயத்துல அவர் சொன்னது ஓவர். கௌல் வாள் ஒரு வெட்டு வெட்டினா வளைஞ்சுடும், காலால மிதிச்சு நிமிர்த்தினாதான் அடுத்த வெட்டுங்கிறார். தோண்டி எடுத்த வாள்களைச் சோதிச்சுப் பார்த்தா, மட்டமானதும் இருக்கு, நல்ல எஃகு வாள்களும் இருக்கு. வளைச்ச வாள்களும் நிறைய கிடைச்சிருக்கு. ஆனா அது சாமிக்கோ செத்தவனுக்கோ படைக்கும்போது வேணும்னே வளைச்சுப் போட்டது. இன்னொண்ணு கேளுங்க. இரும்பு வளையங்களைக் கோர்த்துச் செய்யற சங்கிலிக் கவசம் இருக்கே, ரோமப் படைவீரன்னாலே நமக்கு ஞாபகம் வர்ற சட்டை? அதுல மிகப் பழசுங்கிற மாதிரிகள் கெல்டிக் கல்லறைகள்லதான் கிடைச்சிருக்கு. கௌல்கள்கிட்டேருந்து வந்ததுன்னு வார்ரோங்கிற ரோமானிய அறிஞரே ஒத்துக்கிட்டிருக்கார். ரோமானியத் தலைக்கவச வடிவங்கள் பலதுக்கும் மூலம் கெல்டிக் கொல்லன்தான். டெக்னாலஜியை எடுத்துக்கிட்டு, கொடுத்தவனைக் காட்டுமிராண்டின்னு எழுதிட்டாங்க.

இனி வெர்சிஞ்செடோரிக்ஸ். பேரைப் படிக்கவே மூச்சு வாங்குதுன்னா, கிட்டத்தட்ட 'வீரர்களுக்கெல்லாம் பேரரசன்'னு அர்த்தம்.

கி.மு. 52. சீசர் கௌலுக்குள்ள வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டிருந்த இனக்குழுக்களை, ஆர்வெர்னி இனத்துல பொறந்த இந்த இளைஞன் ஒண்ணு சேர்க்கிறான். அவன் போட்ட திட்டம் இதிகாச வீரன் திட்டமே கிடையாது, பக்கா ப்ராக்டிகல். சீசரோட நேருக்கு நேர் மோத வேண்டாம், அவன் சோத்துல கை வைப்போம். நம்ம ஊர்களை நாமளே கொளுத்திட்டா ரோமப் படைக்குத் தானியம் எங்கேருந்து வரும்? ஒரே நாள்ல இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிஞ்சுது. அவாரிக்கம் ஊர்க்காரங்க மட்டும் கால்ல விழுந்து கெஞ்ச, அரைமனசோட விட்டான். அந்த ஊரைத்தான் சீசர் பிடிச்சார். 40,000 பேர்ல தப்பினது 800 பேர்னு அவரே எழுதறார். அடுத்து கெர்கோவியாவுல சீசருக்கே அடி. 46 செஞ்சூரியன்கள் உட்பட கிட்டத்தட்ட 700 பேர் காலி.

கடைசியா அலேசியா. மலை மேல ஊர், உள்ளே வெர்சிஞ்செடோரிக்ஸ், சீசர் கணக்குப்படி 80,000 வீரர்கள். சீசர் மோதல, சுவர் கட்டினார். ஊரைச் சுத்தி சுமார் 16 கிலோமீட்டருக்கு ஒரு அரண். உதவிக்கு வெளியேருந்து பெரும்படை வரும்னு தெரிஞ்சதும், தன் முதுகைக் காப்பாத்த வெளிப்பக்கம் பார்த்து இன்னொரு அரண், சுமார் 21 கிலோமீட்டர். அகழி, கூரான மரம், மேல தழையைப் போட்டு மூடின குழி, உள்ளே முளை. அந்தக் குழிகளுக்கு ரோம வீரர்கள் வெச்ச செல்லப் பேர் 'அல்லி'. ரெண்டு சுவருக்கும் நடுவுல ரோமப் படை. ஒரு எஞ்சினியரா இதைப் படிக்கும்போது வாயைப் பிளந்தேன்னு ஒத்துக்கிறேன்.

உள்ளே சாப்பாடு தீர்ந்துடுச்சு. சண்டைக்கு உதவாதவங்களை என்ன செய்யறதுன்னு கூட்டம் போட்டாங்க. அவங்களையே தின்னுட்டு சண்டையைத் தொடரலாம்னு கிரிடோக்னாடஸ்ங்கிற தலைவன் பேசினதா சீசர் எழுதறார். கடைசிக்கு அதை வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணி, இப்போதைக்கு வெளியே அனுப்பிட்டாங்க. யாரை? அந்த ஊர் சொந்தக்காரங்களான மண்டூபி மக்களை, பொண்டாட்டி புள்ளைங்களோட. அவங்க ரோமச் சுவர்கிட்ட வந்து, எங்களை அடிமையாவாவது எடுத்துக்கிட்டு ஒரு வாய் சோறு போடுங்கன்னு அழுதாங்க. உள்ளே விடாதீங்கன்னு சீசர் காவல் போட்டார்.

அவ்வளவுதான். அடுத்த வரியிலேருந்து சீசர் போரைப் பத்திப் பேசப் போயிடறார். அந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு அவர் சொல்லவே இல்ல. இருநூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு வந்த காஷியஸ் டியோதான், ஊருக்கும் முகாமுக்கும் நடுவுல கிடந்து செத்தாங்கன்னு எழுதி முடிக்கிறார்.

உதவிப்படை வந்துச்சு, மோதுச்சு, சிதறிப் போச்சு. வெர்சிஞ்செடோரிக்ஸ் சரணடைஞ்சான். சீசர் இதை ரொம்பச் சுருக்கமா, ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி எழுதறார். உட்கார்ந்தேன், தலைவர்களைக் கொண்டு வந்தாங்க, ஆயுதத்தைப் போட்டாங்க, முடிஞ்சது. கொஞ்சம் பின்னாடி வந்த புளூட்டார்க்தான் சினிமா ஆக்கினார். அவர் கணக்குல, வீரன் அழகான கவசம் போட்டு, குதிரையை அலங்கரிச்சு, சீசரைச் சுத்தி வந்து இறங்கி, ஆயுதங்களைக் கழட்டிட்டு, காலடியில பேசாம உட்கார்ந்துட்டானாம். ஆறு வருஷம் சிறை. கி.மு. 46ல ரோம் வீதியில ஊர்வலமா காட்டிட்டு, கொன்னுட்டாங்க. அலேசியாவுல பிடிபட்டவங்களை ஆளுக்கு ஒண்ணா படைவீரர்களுக்கு அடிமையாப் பிரிச்சுக் கொடுத்தார் சீசர்.

இங்கே ஒண்ணு கவனிங்க. நமக்குக் கிடைச்ச நேரடி சாட்சி சீசர் ஒருத்தர்தான். அவர் நடுநிலையாளர் கிடையாது. ரோம்ல அரசியல் எதிரிகள், தலைக்கு மேல லட்சியம். எதிராளி எவ்வளவு பெரிய வீரனோ, ஜெயிச்சவன் அவ்வளவு பெரிய ஆள். வெர்சிஞ்செடோரிக்ஸை நமக்கு மாவீரனாக்கிக் கொடுத்ததே சீசரோட விளம்பரம்தான்!

அப்புறம் பல நூற்றாண்டு அவனை யாரும் பெரிசா கண்டுக்கல. 1860கள்ல பிரெஞ்சுப் பேரரசர் மூணாம் நெப்போலியனுக்கு சீசர் மேல மோகம். அலீஸ்-சாந்த்-ரேன்ங்கிற ஊர்ல 1861லேருந்து 1865 வரை தோண்டச் சொல்லி, சீசரோட அகழிகளைக் கண்டுபிடிச்சாங்க. 1991-97ல நடந்த அகழாய்வும் இடம் அதுதான்னு காட்டுச்சு. 1865ல அங்கே கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரத்துல வெர்சிஞ்செடோரிக்ஸ் சிலை வெச்சாங்க. தொங்கு மீசை, நீள முடி. முகத்தைப் பார்த்தா? மூணாம் நெப்போலியன் சாயல்! இத்தனைக்கும் வெர்சிஞ்செடோரிக்ஸ் பேர் போட்ட தங்க நாணயங்கள்ல இருக்கிற முகத்துக்கு மீசையே கிடையாது (அது அவன் முகமா, சாமி முகமான்னு ஒரு விவாதம் உண்டு). சிலை வெச்ச அஞ்சாவது வருஷம், 1870ல, அதே நெப்போலியன் செடான்ல பிரஷ்யர்கள்கிட்ட சரணடைஞ்சார். சாயல் முழுசா பொருந்திப் போச்சு.

கூத்து அதோட நிக்கல. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மனியோட ஒத்துழைச்ச பெத்தெய்ன் அரசாங்கம், 1942 ஆகஸ்ட்ல கெர்கோவியாவுல விழா எடுத்து, நாடு முழுக்கவிருந்து மண் கொண்டு வந்து புதைச்சுது. அவங்களுக்கு வெர்சிஞ்செடோரிக்ஸ் நாட்டுக்காகத் தன்னைக் கொடுத்துக்கிட்டவன். ஜெர்மானியரை எதிர்த்த ரகசியப் படைக்கோ அவன் அந்நியனை எதிர்த்தவன். ஒரே ஆள், ரெண்டு கட்சி.

இதுக்கெல்லாம் சரியான மருந்து கொடுத்தது ஒரு காமிக்ஸ். 1959ல கோசினியும் உதெர்சோவும் ஆரம்பிச்ச ஆஸ்டெரிக்ஸ். கி.மு. 50, கௌல் முழுக்க ரோம் கையில, ஒரு சின்னக் கிராமம் மட்டும் பாக்கி. இதுல ஓபெலிக்ஸ் சுமக்கிற நெடுங்கல் கெல்ட்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முந்தினது, விடுங்க. 'தலைவனின் கேடயம்' கதையில அலேசியா பேச்சை எடுத்தாலே கிழவனுங்க எகிறுவாங்க. அலேசியாவா, அது எங்கே இருக்குன்னே தெரியாதும்பாங்க. தோல்வியைப் பத்தி ஒரு சமூகம் எப்படிப் பேசாம இருக்கும்ங்கிறதை இதைவிட நல்லா யாரும் சொல்லிட முடியாது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்: கோசினி, கிழக்கு ஐரோப்பாவுலேருந்து வந்த யூதக் குடும்பத்துப் பையன், வளர்ந்தது அர்ஜென்டினாவுல. உதெர்சோ, இத்தாலியிலேருந்து பிழைக்க வந்தவங்க பையன். பிரான்ஸ் கொண்டாடுற 'அசல் கௌல்' ரெண்டு பேரையும் உருவாக்கினது வந்தேறி வீட்டுப் பிள்ளைங்க.

கடல் தாண்டி பிரிட்டனுக்கு வருவோம். கி.பி. 60 அல்லது 61. ஐசினி இனத்து அரசன் செத்ததும் ரோம அதிகாரிகள் சொத்தை அள்ளிக்கிட்டு, அரசி பூடிகாவைச் சவுக்கால அடிச்சு, அவ ரெண்டு பொண்ணுங்களையும் பலாத்காரம் பண்ணினாங்க. இது டாசிட்டஸ் சொல்ற காரணம். டியோ இன்னொண்ணும் சொல்றார்: தத்துவஞானி செனெகா 4 கோடி செஸ்டர்ஸ் காசைக் கடனா தலையில கட்டிட்டு, திடீர்னு மொத்தத்தையும் திருப்பிக் கேட்டாராம். ரெக்கவரி ஏஜென்ட் தொல்லை அப்பவே இருந்திருக்கு. பூடிகா கிளம்பினா. இன்றைய கொல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் மூணும் சாம்பல். 70,000 பேர் செத்தாங்கங்கிறது டாசிட்டஸ் கணக்கு. எண்ணிக்கை எப்படியோ, கொல்செஸ்டர்லயும் லண்டன்லயும் தோண்டினா இன்னைக்கும் அந்தக் காலத்து எரிஞ்ச செம்மண் அடுக்கு தட்டுப்படுது.

1902ல லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் பக்கத்துல அவளுக்குச் சிலை. தேர்ச் சக்கரத்துல அரிவாள் (அப்படி ஒண்ணு தோண்டினதுல கிடைச்சதே இல்ல). பீடத்துல கவிஞர் கூப்பரோட வரிகள். உன் வம்சம் சீசர் பார்க்காத நாடுகளையெல்லாம் ஆளப்போகுதுங்கிற பெருமை. அந்த நாடுகள்ல அப்போ நாமளும் அடக்கம். பேரரசை எதிர்த்து ஊரைக் கொளுத்தினவளைப் பேரரசுக்கே அம்மன் ஆக்கிட்டாங்க. அவ பேருக்கு அர்த்தம் 'வெற்றி', மகாராணி விக்டோரியா பேருக்கும் அதே. வசதியாப் போச்சு.

இதுக்கு நடுவுல அயர்லாந்து மட்டும் வேற கதை. ரோமப் படை அங்கே கால் வைக்கல. அதனால அவங்க வீரனை அவங்களே பாடினாங்க. அவன் பேர் கூ ஹுலின். சின்ன வயசுல, கொல்லன் குலான் வீட்டுக் காவல் நாய் பாய, பையன் அதைக் கொன்னுட்டான். நாயை இழந்தவர் அழ, நான் உங்களுக்கு நாயா இருந்து காவல் காக்கறேன்னான். 'குலானின் நாய்'ங்கிறதுதான் அந்தப் பேர்.

பெரிய கதை 'டாயின்', ஒரு காளை மாட்டுக்காக நடந்த போர். கானக்ட் ராணி மேவும் அவ புருஷனும், யார்கிட்ட சொத்து அதிகம்னு எண்ணிப் பார்க்க, அவன்கிட்ட ஒரு காளை கூடுதல். அதுக்குச் சமமான காளை அல்ஸ்டர்ல இருக்கு, எடுத்துட்டு வான்னு படை கிளம்புது. அல்ஸ்டர் ஆம்பளைங்க எல்லாரும் பிரசவ வலியில துடிச்சுக்கிட்டு படுக்கையில! நிஜமாத்தான். ஒரு காலத்துல நிறைமாத கர்ப்பிணி ஒருத்தியை அரசன் குதிரைகளோட பந்தயம் ஓட வெச்சதுக்கு அவ கொடுத்த சாபம். 17 வயசு கூ ஹுலின் மட்டும் தப்பிச்சவன். ஆத்துத்துறையில நின்னு ஒருத்தன் ஒருத்தனா சமாளிக்கிறான். கடைசியில ராணி அனுப்பினது ஃபெர்டியாவை, அவனோட ஒரே ஆசான்கிட்ட வளர்ந்த உயிர் நண்பனை. மூணு நாள் சண்டை. ராத்திரியானா காயத்துக்கு மூலிகையும் சாப்பாடும் பகிர்ந்துப்பாங்க. நாலாவது நாள் கூ ஹுலின் தன் மாய ஈட்டியால நண்பனைக் கொன்னுட்டு, உடலைத் தன் கரைக்குத் தூக்கிட்டு வந்து அழறான். அந்த இடத்தைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சேன்.

ஆனா இதையும் ஏட்டுல ஏத்தினது கிறிஸ்தவ மடங்கள். மிஞ்சின பழைய பிரதிகள் 1100க்குப் பக்கத்துலயும் அதுக்குப் பிறகும் எழுதினவை. 12ஆம் நூற்றாண்டு 'லென்ஸ்டர் புத்தக'த்துல கதை முடிஞ்சதும் ரெண்டு குறிப்பு. ஐரிஷ்ல, இதை மாத்தாம மனப்பாடம் பண்றவனுக்கு ஆசீர்வாதம். உடனே லத்தீன்ல, நான் இதையெல்லாம் நம்பல, சிலது பேய் வேலை, சிலது முட்டாளுங்களுக்கான பொழுதுபோக்குங்கிற தொனியில. உலகத்தோட முதல் டிஸ்கி இதுதானோ :-)

கூ ஹுலின் சாகும்போது தன்னைக் கல்தூண்ல கட்டிக்கிட்டு நின்னபடியே செத்தான். காக்கை தோள்ல வந்து உட்கார்ந்த பிறகுதான் எதிரிங்க கிட்டப் போனாங்க. ஆலிவர் ஷெப்பர்ட் 1911ல செஞ்ச அந்தக் காட்சிச் சிலையை, 1916 ஐரிஷ் எழுச்சி நினைவா 1935ல டப்ளின் தபால் நிலையத்துல வெச்சாங்க. அதே கூ ஹுலினை, பிரிட்டனோட இருக்கணும்கிற கட்சிக்காரங்களும் பெல்ஃபாஸ்ட் சுவர்ல வரைஞ்சாங்க. அவங்களுக்கு அவன் தெற்கேருந்து வந்தவங்களைத் தடுத்த அல்ஸ்டர் காவலன். மறுபடியும் ஒரே ஆள், ரெண்டு கட்சி.

கடைசியா நம்ம வாலஸ். 1995 'பிரேவ்ஹார்ட்' படம். 1305ல கொல்லப்பட்டவன் முகத்துல, ஆயிரம் வருஷத்துக்கும் முந்தின நீலச் சாயம். அப்போ புழக்கத்துக்கே வராத கில்ட் பாவாடை. ஸ்டெர்லிங் பாலப் போர்ல (1297) பாலமே இல்ல! காதலிக்கிறதா காட்டுற பிரெஞ்சு இளவரசிக்கு வாலஸ் சாகும்போது வயசு பத்து சொச்சம். 1997ல ஸ்டெர்லிங்ல வாலஸ் நினைவுக் கோபுரத்துக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல ஒரு சிலை வந்துச்சு. முகம்? மெல் கிப்சன். மூணாம் நெப்போலியன் சும்மா இருப்பாரா, மேலேருந்து சிரிச்சிருப்பார். அப்புறம் அதை அங்கேருந்து எடுத்துட்டாங்க.

இப்போ, ஆரம்பத்துல சொன்ன கேமுக்கு வர்றேன். அதுல ஆள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. 200 ஆயிட்டா புதுசா வீரன் உருவாக்க முடியாது. அப்போ என்ன செய்வோம்? விறகு வெட்டி, வயல் உழுதுக்கிட்டிருக்கிற கிராமத்து ஜனங்களைத் தேர்ந்தெடுத்து டிலீட் பட்டனை அமுக்குவோம். ஒரு சத்தம், விழுந்துடுவாங்க. அந்த இடத்துல வோட் ரெய்டர் வருவான். நானே எத்தனை தடவை செஞ்சிருக்கேன்னு கணக்கில்ல.

2012ல அலேசியாவுல அருங்காட்சியகம் திறந்து, சீசரோட அரணை ஒரு பகுதி திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. படத்துல பார்த்தேன். புல்வெளி, அகழி, மரச்சுவர், மேல கோபுரம். மலை மேல தொங்கு மீசையோட சிலை. சீசருக்குப் புத்தகம் இருக்கு, வெர்சிஞ்செடோரிக்ஸுக்குச் சிலை இருக்கு, ஆஸ்டெரிக்ஸுக்கு மருந்துக் குடுவை இருக்கு. அந்தப் புல்வெளியில நின்னு, அடிமையாவாவது எடுத்துக்கோங்கன்னு கேட்ட மண்டூபி ஜனங்களோட ஒரு பேர்கூட நமக்குத் தெரியாது. அவங்களை வெளியே அனுப்பினது நம்ம ஹீரோ, உள்ளே விடாதது வில்லன். கெல்டிக் வீரனைப் பத்தி இனிமே எதைப் படிச்சாலும் அந்தச் சுவருக்கு முன்னாடி கொஞ்சம் நின்னுட்டுத்தான் போவேன்.

பி.கு: வோட் செடியில கிடைக்கிற நீலமும் நம்ம ஊர் அவுரிச் செடி நீலமும் வேதியியல்படி ஒரே பொருள்தான். கடல்வழியா இந்திய அவுரி போய் இறங்கின பிறகு ஐரோப்பாவுல வோட் விவசாயம் படுத்துடுச்சு. பிரிட்டன்காரங்க பூசினதா சீசர் சொல்றது வோட் தானாங்கிறதுலயே சண்டை நடக்குது. என் கேம் வீரனோட பேர்லயே டவுட்டு!